நான்கு தாழ்ப்பாளும் ஓர் அண்டாவும்

சிந்தாமணி பிறந்தது 1979 ஜூன் 4, செந்துறையில். பன்னிரண்டாம் வகுப்பு வரை அங்கேயே படித்தார். 2000 ஆவணியில் அரியலூர் அருள்முருகனுக்கு வாழ்க்கைப்பட்டார். கணவருக்கு ரெட்டிபாளையத்துச் சிமென்ட் ஆலையில் லாரிகளை எடை போடும் வேலை. ஒரே மகள் பூங்குழலி. 2009 தை மாதத்திலிருந்து சிந்தாமணி, அரியலூர் செந்துறை சாலையில் உள்ள நடராசன் திருமண மகாலின் மேலாளர். மகாலின் உரிமையாளர் இளையபெருமாள்; பெயர் கொடுத்த நடராசன் அவருடைய காலஞ்சென்ற தந்தை. 2023 மார்கழியில், அந்த மகாலுக்குள்ளேயே தொடங்கி அந்த மகாலுக்குள்ளேயே முடியும் ‘நான்கு தாழ்ப்பாள்’ என்ற சண்டைப்படம் எடுக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை, படம் வெளியானது. 2024 செப்டம்பர் 5, ஆவணி இருபது, வியாழக்கிழமை, அதே மகாலில் பூங்குழலியின் திருமணம் நடப்பதாக அழைப்பிதழ் அச்சிடப்பட்டிருந்தது.

தேதிகள் இவ்வளவுதான். அவற்றுக்கு நடுவில் நடந்தது விளங்க வேண்டுமானால் சிந்தாமணியின் பார்வை எப்படிப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் அவர் பார்த்த கல்யாணங்களில் அவர் மெச்சிய கல்யாணம் ஒன்றுகூட இல்லை. மாப்பிள்ளைத் தோழர்கள் ஏசியை எந்த அளவில் வைக்கிறார்கள், பெண்ணின் சித்தப்பன் பந்தியில் எந்த இலைக்கு முதலில் ஓடுகிறான், தாம்பூலப் பையில் தேங்காயின் அளவு என்ன, இவற்றைக் கொண்டே இரண்டு குடும்பங்களின் தரத்தையும் அவர் நிறுத்துவிடுவார். கணவர் ஆலையில் லாரியை எடை போடுவதைவிட இது துல்லியமானது என்று வீட்டில் சொல்லிக்கொள்வார். அருள்முருகன் மறுத்ததில்லை. அவர் எதையும் மறுத்ததில்லை.

இந்த ஏளனம் எட்டாத ஒரே இடம் மணமேடை. கருங்கல் பாவிய மேடை, மூன்று படி. அதை ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் தானே நின்று கழுவிவிடுவார். செருப்புக் காலோடு அதில் ஏறியவர் இன்றுவரை இல்லை. ஒருமுறை இளையபெருமாளே மறதியாக ஒரு படி ஏறிவிட்டு, “சரி சரி, எறங்கிட்டேன்” என்று இறங்கினார். அந்த மேடையில் தன் மகள் உட்கார வேண்டும் என்பது சிந்தாமணியின் ஒரே ஆசை. இளையபெருமாளும் ஒப்புக்கொண்டிருந்தார். “ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் என்னோட சீர் சிந்தாமணி” என்று நாலு பேர் முன்னால் சொன்னவர் என்பதால் பின்வாங்கவும் வழியில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபங்கள் வௌவாலுக்கும் தூசிக்கும் விடப்படும் மாதம் அது. அந்த மாதத்தில்தான் பெரம்பலூரிலிருந்து இளவரசன் வந்தான். பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஆறு மாதம் சினிமா கற்றவன். தாடியும் தோள்பையும் வைத்திருந்தான். ஒரே இடத்தில், ஒரே இரவில் நடக்கும் சண்டைப்படம் எடுப்பதுதான் சினிமாவிலேயே கடினமான கலை என்று முதல் நாளே விளக்கினான். மார்கழியில் மண்டபம் கொள்ளை மலிவு என்பது அந்தக் கலையில் எந்த அளவுக்குச் சேர்த்தி என்று சிந்தாமணி கேட்கவில்லை. கதையை மட்டும் கேட்டார்.

“அக்கா, தங்கச்சி கல்யாணத்துக்கு மொத நாள் ராத்திரி. ரவுடிங்க வந்து மண்டபத்தோட நாலு கதவையும் தாழ்ப்பாப் போட்டுடறானுங்க. உள்ள அண்ணன் ஒருத்தன்தான். விடியறதுக்குள்ள அத்தனை பேரையும் அடிச்சுத் தங்கச்சிய வெளிய கொண்டு வரணும்.”

“நம்ம மண்டபத்துல அஞ்சு கதவு தம்பி.”

“அஞ்சா?”

“பின்னாடி காய்கறி வண்டி வர்ற கேட்டு இருக்கு. அது பூட்டறதே இல்ல. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு அது வழியாப் போயிட வேண்டியதுதான?”

இளவரசன் தாடியைத் தடவினான். “போயிட்டா படம் முடிஞ்சிரும்க்கா.”

“முடிஞ்சா என்ன?” என்றார் சிந்தாமணி.

நிபந்தனைகள் மூன்று விதித்தார். மேடையில் செருப்பு ஏறக்கூடாது. மேடையில் ஒரு சொட்டு சிவப்புச் சாயம் விழக்கூடாது. அடுப்படியில் கவிச்சி கூடாது. இளையபெருமாள் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்: கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தன் அப்பாவின் படத்தை இறக்கக்கூடாது, அதைச் சுற்றி எரியும் சீரியல் பல்பை அணைக்கவும் கூடாது. இளவரசன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் வாக்குத் தவறாதவன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். நான்கு நிபந்தனைகளையும் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினான். மற்றதெல்லாம் அதனால் வந்ததுதான்.

ஜன்னல்களில் கருப்புத் தார்ப்பாய் கட்டிப் பகலை இரவாக்கினார்கள். வாசல் பலகையில் ‘மங்கள மகால், சென்னை’ என்று ஒட்டினார்கள். ஒருநாள் சிந்தாமணி கூடத்துக்குள் வந்தபோது மேடையில் ஒன்பது பேர் கால்நீட்டிக் கிடந்தார்கள். கீழே படியோரம் ஒன்பது ஜோடிச் செருப்பும் வரிசையாக விடப்பட்டிருந்தன. மேடையில் சாயம் ஒரு சொட்டும் இல்லை. அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. சினிமாக்காரர்களுக்கும் ஒழுக்கம் கற்றுக்கொடுக்க முடியும் என்று அன்று மாலை அருள்முருகனிடம் சொன்னார். படுத்துக் கிடந்தவர்கள் எதற்காகப் படுத்துக் கிடக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பிணம் கூடாது என்று நிபந்தனை விதிக்க வேண்டியிருக்கும் என்பது பதினைந்து ஆண்டு அனுபவத்தில் எங்கும் வரவில்லை.

ஏழு மாதம் கழித்து, ஆடி மாதத்தில், அது பெரம்பலூரிலிருந்து தொலைபேசியில் வந்தது. பேசியவர் தேவயானி, மாப்பிள்ளை முத்தமிழின் தாய். மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடும் குடும்பம். அளந்து பேசுகிற பெண்மணி.

“சம்பந்தி, போன்ல ஒரு சினிமா விளம்பரம் பாத்தேன். அது நம்ம மண்டபந்தானுங்களா?”

“ஆமாங்க சம்பந்தி. மார்கழியில வந்து எடுத்துட்டுப் போனாங்க.”

“மேடையில ஒம்போது பொணம் கெடக்குதுங்க.”

“பொணமில்லீங்க. நடிச்சவங்க. எந்திரிச்சு டீ குடிச்சுட்டுத்தான் போனாங்க.”

“எந்திரிச்சது படத்துல இல்லீங்களே.”

தேவயானி தொடர்ந்தார். “பொணம் கெடந்த எடத்துல எம் புள்ளையக் கொண்டாந்து உக்கார வைக்க முடியாதுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னைத்தான் கேக்கும். வேற மண்டபம் பாருங்க. இல்லன்னா அய்ப்பசிக்குத் தள்ளிக்கலாம்.”

ஆவணி முகூர்த்தங்களுக்கு அரியலூரில் வேறு மண்டபம் எதுவும் காலியாக இல்லை என்பது சிந்தாமணிக்குத் தெரியாமலா இருக்கும்? ஐப்பசிக்குத் தள்ளுவது குறித்துப் பூங்குழலி ஒரே வாக்கியம் சொன்னாள்: “அய்ப்பசியில அவுங்களுக்கு வேற ஒண்ணு தோணும்மா.” தன் மகளுக்குத் தன்னுடைய எடைக்கல் அப்படியே வாய்த்திருப்பதைச் சிந்தாமணி அன்று கவனித்தார்.

முழுப் படத்தையும் தேவயானிக்குக் காட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்தது இப்படித்தான். விளம்பரம் என்பது பொறுக்கி எடுத்த ஒன்றரை நிமிடம். அதில் எது வேண்டுமானாலும் பிணம் மாதிரி இருக்கும். முழுப் படம் அப்படி ஏமாற்ற முடியாது. எடுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதால், அந்தப் படத்தின் மீது இயக்குநருக்கே இல்லாத நம்பிக்கை சிந்தாமணிக்கு இருந்தது. அது கேவலமாகத்தான் வந்திருக்கும் என்ற நம்பிக்கை.

ஆகஸ்ட் 10, சனிக்கிழமை, மதியக் காட்சி. அரியலூரில் ஒரு தியேட்டர். தேவயானி பட்டுப்புடவையில் வந்திருந்தார். சம்பந்தி அழைத்த இடம் எதுவானாலும் அது விசேஷம்தான். அவருக்கு ஒரு பக்கம் சிந்தாமணி, மறுபக்கம் பூங்குழலி. முத்தமிழுக்கு மருந்துக்கடையில் விடுப்பு கிடைக்கவில்லை.

தியேட்டரில் இருந்தவர்களில் பாதிப் பேர் நடராசன் மகாலில் சாப்பிட்டவர்கள். ஒரே இடத்தில் எடுக்கும் படத்துக்கு இதைவிடப் பெரிய கேடு வேண்டியதில்லை. நாயகன் தங்கையைத் தேடி அடுப்படிக்கு ஓடுவதாகக் காட்சி. ஓடியது கைகழுவும் இடத்துக்கு இடப்பக்கம். “டேய், அந்தப் பக்கம் போகாத, அது பாத்ரூம்!” என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. அவன் ஓடிப்போய் அடுப்படியில் நுழைந்ததும் இன்னொரு குரல்: “பாத்ரூம் வழியா அடுப்படிக்குப் போறான்டா, இனிமே எவன் அங்க திம்பான்?”

ஓர் இரவு முழுக்க நடக்கும் கதையில் தார்ப்பாயின் கிழிசல் வழியே வெயில் கோடு போட்டது. ரவுடிகள் நாற்பது பேர் என்று வசனம் சொன்னது. வந்தவர்கள் பதினைந்து பேர், சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வந்து அடி வாங்கினார்கள். எந்தப் பக்கம் கேமரா திரும்பினாலும் சுவரில் நடராசன் இருந்தார். நாயகன் அடித்தாலும் மாலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அடி வாங்கினாலும் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பல்பு சிவப்பும் பச்சையுமாக மின்னியது. அரை மணி நேரத்தில் தியேட்டரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

“அந்தப் பெரியவர்தான்டா மெயின் வில்லன். இன்ட்ரவல்ல எறங்கி வருவாரு பாரு.”

தங்கை ஒவ்வொரு கதவாகத் தட்டி அழுதபோது சிந்தாமணி முணுமுணுத்தார். “காய்கறி கேட்டு தொறந்துதான் கெடக்கு. போயேன்டி.”

ஒரே இடத்தில் கதை சொல்ல வருபவன் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. பாத்திரங்கள் ஏன் எழுந்து போகவில்லை? இளவரசன் அந்தக் கேள்வியைக் கேமராவுக்குப் பின்னால் மறைத்திருந்தான். மறைத்த இடம் அரியலூருக்கே தெரிந்த இடம்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. நாயகன் மேடையில் ஒன்பது பேரைச் சாய்த்தான். கேமரா மேலிருந்து இறங்கியது. ஒன்பது பிணம். தேவயானியின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது. சிந்தாமணி திரையைப் பார்க்கவில்லை, சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். கேமரா இன்னும் கீழே இறங்கிப் படிகளைக் காட்டியது. அங்கே ஒன்பது ஜோடிச் செருப்பு, முனை வெளிப்பக்கம் திரும்பி, வரிசையாக.

தியேட்டர் குலுங்கியது.

“செருப்பக் கழட்டி வச்சுட்டுச் செத்துருக்கானுங்கடா!”

“பக்திமான்டா நம்ம ரவுடி!”

ஓரமாகக் கிடந்த பிணம் ஒன்று ஒரு காலால் மறு காலைச் சொறிந்துகொண்டது. அது தமிழரசன், கல்யாணங்களில் பந்தி பரிமாறுகிறவன். “தமிழு, கொசு கடிக்குதாடா?” என்று யாரோ கேட்டார்கள். மார்கழி முடியப்போகிற அவசரத்தில் அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க இளவரசனுக்கு நேரமிருக்கவில்லை.

தேவயானி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். “என்னங்க சம்பந்தி இது, செருப்பக்கூட வெளிய வுட்டுட்டுல்ல மேல போயிருக்கானுங்க.”

“நாந்தாங்க சொன்னேன். மேடையில செருப்பு ஏறக்கூடாதுன்னு.”

“நீங்க சொன்னீங்களா?” தேவயானி அவரைத் திரும்பிப் பார்த்தார். “செத்தவனையே செருப்பக் கழட்ட வச்சிருக்கீங்க. அந்த மேடைக்கு என்ன கொறைங்க? நடக்கட்டும், ஆவணியிலயே நடக்கட்டும்.”

இடைவேளை வந்தது. பெரியவர் சுவரை விட்டு இறங்கவில்லை. சிந்தாமணி எழுந்துவிட்டார். வந்த வேலை முடிந்தது. கேவலம் என்று தான் நம்பியது நம்பியபடியே இருந்தது. இதற்கு மேல் ஒரு நிமிடம் உட்காருவதும் வீண். “வாங்க சம்பந்தி, வூட்டுக்குப் போலாம். காபி சாப்புடலாம். இத எவன் பாப்பான்?”

“டிக்கெட் வாங்கியாச்சு. இருந்து பாத்துட்டே போவோம். எனக்கு நல்லா பொழுது போகுது” என்றார் தேவயானி. முறுக்குப் பொட்டலம் ஒன்றும் வாங்கிக்கொண்டார்.

வாசலில் இளவரசன் நின்று, வருகிறவர்களிடம் கருத்து கேட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். சிந்தாமணியைக் கண்டதும் கேமராவை நீட்டினான். “அக்கா, எப்படிக்கா இருக்கு?”

“ரொம்ப நன்றி தம்பி. எம் பொண்ணு கல்யாணத்தக் காப்பாத்திட்ட.”

அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

இரண்டாம் பாதியில் முக்கால்வாசி முதல் பாதியே. அதே தூண், அதே நடராசன், அதே பதினைந்து பேர். தேவயானி முறுக்கைக் கடித்தபடி பூங்குழலியிடம், “அந்தத் தூணு பின்னாடிதான் ஒனக்கு நலங்கு வைக்கச் சொல்லணும்” என்று பேசிக்கொண்டிருந்தார். பிறகு நாயகனும் பெரிய ரவுடியும் அடுப்படிக்குள் விழுந்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

அடுப்படி சிறியது. கேமராவைச் சுழற்ற இடமில்லை. அதனால் இளவரசன் அதை ஒரு மூலையில் வைத்துவிட்டிருந்தான். வேறு வழியில்லாமல் செய்த அந்தக் காரியம்தான் படத்திலேயே அவன் செய்த ஒரே நல்ல காரியம். எல்லாம் கண்ணெதிரே இருந்தது. கொதிக்கும் அண்டா. அரிவாள்மனை. வடித்த கஞ்சி வழிந்து வழுக்கும் தரை. பாட்டு இல்லை, வசனம் இல்லை. அண்டாவின் மூடி மட்டும் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவனுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே ஒவ்வொரு பொருளும் அசைவதற்கு முன்பே பயமுறுத்தியது. இதைச் செய்யத்தான் ஒரே இடத்தில் படம் எடுக்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் அதைச் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் தவறிப்போய்ச் செய்திருந்தான்.

முன்வரிசை வாயை மூடிக்கொண்டது. நாயகனின் கால் கஞ்சியில் வழுக்கியபோது சிந்தாமணியே “ஐயோ, தரை” என்றார். தேவயானியின் கையில் முறுக்கு பாதியில் நின்றது. நாயகன் பெரிய கரண்டியால் ரவுடியின் பிடரியில் போட்டு, தலையை அண்டாவுக்குள், சாம்பாருக்குள், அழுத்தினான். கைகள் துடித்தன. மூடி உருண்டது. துடிப்பு அடங்கியது. தலை மெல்ல மிதந்து வந்தது. கன்னத்தில் ஒரு முருங்கைக்காய்த் துண்டு ஒட்டியிருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கேமரா கடைசியாக அண்டாவை நெருங்கியது. வெளிப்பக்கத்தில் சாம்பார் வழிய, அதற்கு நடுவில், வெட்டிய எழுத்து பளிச்சென்று தெரிந்தது: நடராசன் மகால், அரியலூர்.

சென்னை என்று வாசலில் ஒட்டியவன் அண்டாவை மறந்துவிட்டான். தியேட்டர் எழுந்து நின்று விசிலடித்தது.

வெளியே வந்ததும் தேவயானி நேரே பேருந்து நிலையத்துக்கு நடந்தார். பெரம்பலூர் பஸ்ஸில் ஏறும் முன் திரும்பினார்.

“மேடையில எனக்கு ஒண்ணும் இல்லீங்க சம்பந்தி. அடுப்படிதான்...”

“அது சாம்பாரே இல்லீங்க. மஞ்சத்தூளு கரைச்ச தண்ணி. பக்கத்துல நின்னு பாத்தேன்.”

“இருக்கலாம். கண்ணு பாத்துடுச்சே. அந்த அடுப்படியில சமைக்க வேணாம். வெளிய பந்தலு போட்டுச் சமைக்கச் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்.”

சிந்தாமணி ஒப்புக்கொண்டார். மகாலுக்குத் திரும்பிய வழியில் இளவரசன் எதிரே வந்தான். முகமெல்லாம் வியர்வையும் சந்தோஷமுமாக இருந்தது.

“அடுப்படிச் சண்டை நல்லா எடுத்துருக்க தம்பி” என்றார் சிந்தாமணி. “நாசமாப் போ.”

ஆவணி இருபதாம் நாள் காலையில் பூங்குழலி அந்த மேடையில் உட்கார்ந்தாள். சிந்தாமணி விடியற்காலையிலேயே மூன்று படிகளையும் கழுவிவிட்டிருந்தார். தேவயானி படியோரம் நின்று, தன் உறவினர்களின் செருப்பைத் தானே எடுத்து வரிசைப்படுத்தினார். “செத்தவனே கழட்டி வச்ச எடம், உங்களுக்கு என்ன?” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். தாலி ஏறியது. நடராசனின் பல்பு மின்னியது. பதினைந்து ஆண்டுகளில் முதன்முறையாகச் சிந்தாமணி ஒரு கல்யாணத்தை எடை போடாமல் பார்த்தார்.

பிறகு பந்தி தொடங்கியது. சம்பந்தி சொன்னபடியே அடுப்படியில் அடுப்பு எரியவில்லை. கூடத்துக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவிலிருந்த வெட்டவெளியில் பந்தல் போட்டுச் சமைத்தார்கள். பாத்திரத்தை மாற்ற வேண்டுமா என்று சமையல்காரர் அமாவாசை முதல் நாளே கேட்டிருந்தார். “அடுப்படி வேணாம்னுதான் சொன்னாங்க. அண்டா வேணாம்னு சொல்லல. ஒரு சினிமாவுக்குப் பயந்து எங்க மண்டபத்து அண்டாவ நான் ஒதுக்கணுமா?” என்றார் சிந்தாமணி. அடுப்படிக்குள் இருந்திருந்தால் அந்த அண்டாக்களை விருந்தாளி எவரும் பார்த்திருக்க மாட்டார். இப்போது சாப்பிடப் போகிறவர்கள் எல்லோரும் அவற்றைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

முதல் பந்திக்குப் போன கூட்டம் பந்தலருகே நின்றது. ஒருவன் குனிந்து எழுத்தைப் படித்தான். “டேய், அதே அண்டாடா!” அடுத்த பந்திக்குள் வரிசை கட்டி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் அண்டாவின் விளிம்பில் கழுத்தை வைத்துக் கண்ணைச் செருகிக் காட்டினான். பரிமாற வந்தவனோ தமிழரசன்.

“சாம்பாருங்க.”

“வேணாம்ப்பா, ரசம் ஊத்து.”

“நல்ல சாம்பாருங்க, முருங்கைக்கா போட்டது.”

“முருங்கைக்கா வேறயா? போய்யா அங்கிட்டு. செத்துப் போனவன் வந்து சாம்பாரு ஊத்தறான்.”

தேவயானி தலைவாழை இலையில் முதல் ஆளாக உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சிந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து தானும் வாங்கிக்கொண்டார். ரசமும் வத்தக்குழம்பும் மூன்றாம் பந்தியிலேயே தீர்ந்துபோனதாக அமாவாசை வந்து காதில் சொன்னார்.

அன்று சமைத்த சாம்பார், இரண்டு அண்டா. விழுந்த இலை, எழுநூற்று முப்பது. மீந்த சாம்பார், ஒன்றே முக்கால் அண்டா.